"டர்போ போச்சு" என்று ஒத்துக்கொள்வதற்கு முன்: பூஸ்ட் கோளாறை அறிகுறி வைத்துப் பிடிப்பது எப்படி?

"வண்டி இழுக்கலைண்ணே" என்று போய் நின்றால் பாதி ஒர்க் ஷாப்களில் வரும் முதல் பதில், "டர்போ போயிருக்கும் தம்பி." பானெட்டைத் திறப்பதற்கு முன்பே வந்துவிடும். டர்போ மாற்றினால் பல ஆயிரம் காலி. நான் பார்த்த வண்டிகளில் பெரும்பாலும் டர்போ நன்றாகத்தான் இருந்தது. கெட்டிருந்தது அதன் கடிவாளம்: சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத ஒரு ரப்பர் ஓஸ், தீப்பெட்டி அளவு சோலனாய்டு (மின்சாரத்தால் இயங்கும் வால்வு), கரி பிடித்த ஒரு நெம்புகோல்.

கடிவாளம் ஏன் வேண்டும் என்றால், டர்போவுக்குப் போதும் என்ற எண்ணமே கிடையாது. இன்ஜினிலிருந்து வெளியேறும் சூடான புகை டர்பைனைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் கம்ப்ரசர் காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. இந்தக் கூடுதல் காற்றழுத்தம்தான் பூஸ்ட். காற்று கூடினால் எரிபொருள் கூடும், புகை கூடும், டர்பைன் இன்னும் வேகமாகச் சுற்றும். யாராவது பிடித்து நிறுத்தாவிட்டால் இன்ஜின் உடையும்வரை இது வளர்ந்துகொண்டே போகும்.

முதல் கேள்வி: உங்கள் வண்டிக் கடிவாளம் எந்த வகை?

இதற்குப் பதில் தெரியாமல் எந்தச் சோதனையும் செய்ய வேண்டாம்.

பழைய வகையில் வேஸ்ட்கேட் என்று ஒரு சின்னக் கதவு உண்டு. ஒரு ஸ்பிரிங் அதை மூடி வைத்திருக்கும். பூஸ்ட் அழுத்தம் ஏறி ஒரு டப்பாவுக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற சவ்வைத் தள்ளினால் கதவு திறக்கும், கொஞ்சம் புகை டர்பைனைத் தொடாமல் வெளியேறிவிடும். அதாவது, கதவைத் திறப்பதே அழுத்தம்தான்.

டீசல் கார்களில் அதிகம் பார்ப்பது விஜிடி (வேரியபிள் ஜியாமெட்ரி டர்போ). இதில் கதவு கிடையாது. டர்பைனைச் சுற்றி ஜன்னல் பலகைகள் போலச் சின்னச் சின்னத் தகடுகள் இருக்கும். அவை மூடினால் புகை இடுக்கு வழியாகச் சீறி வந்து டர்பைனை வேகமாகச் சுழற்றும், திறந்தால் நிதானமாகப் போகும். பெரும்பாலான வண்டிகளில் இந்தத் தகடுகளை மூடும் திசையில் இழுப்பது வேக்கம் பம்ப்பிலிருந்து வரும் உறிஞ்சுவிசை. வேக்கம் இல்லையென்றால் ஸ்பிரிங் அவற்றைத் திறந்தே விட்டுவிடும்.

இப்போது இந்த அழுத்தத்தையோ வேக்கத்தையோ கொண்டுபோகும் ஓஸில் ஒரு ஓட்டை விழுந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். வேஸ்ட்கேட் வண்டியில் கதவைத் திறக்க அழுத்தம் போய்ச் சேராது, அதனால் பூஸ்ட் எகிறும். விஜிடி வண்டியில் தகடுகளை மூட வேக்கம் போய்ச் சேராது, அதனால் பூஸ்ட் செத்துவிடும். ஒரே ஓட்டைக்கு எதிரெதிரான இரண்டு நோய். இணையத்தில் பார்த்த வைத்தியத்தை அப்படியே செய்து மாட்டிக்கொள்கிறவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ஒரே இன்ஜினில்கூட இரண்டு வகைக் கடிவாளமும் வரும். நம் ஊரில் பல பேட்ஜ்களோடு ஓடிய ஃபியட்டின் 1.3 லிட்டர் டீசலை எடுங்கள்: 75 குதிரைத்திறன் வடிவத்தில் சாதாரண டர்போ, 90 குதிரைத்திறன் வடிவத்தில் விஜிடி. அதனால் மாடல் பெயரை மட்டும் நம்ப வேண்டாம், குனிந்து பாருங்கள். டர்போவுக்குப் பக்கத்தில் தகர டப்பா போல ஒன்றிலிருந்து ஒரு கம்பி நீண்டிருக்கும். அதுதான் ஆக்சுவேட்டர். அதற்கு வரும் ஓஸ் நேராகவோ சோலனாய்டு வழியாகவோ கம்ப்ரசர் பக்கம் போனால் அழுத்த வகை. பிரேக் பூஸ்டருக்குப் போகும் வேக்கம் லைனோடு சேர்ந்தால் வேக்க வகை. ஓஸே இல்லாமல் ஒயர் பிளக் மட்டும் இருந்தால் மோட்டார் வகை. புதிய பெட்ரோல் டர்போக்களில் இப்போது இதுதான் அதிகம். வேக்கத்தால் இயங்கும் வேஸ்ட்கேட் உள்ள பெட்ரோல் வண்டிகளும் உண்டு, அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை, முதலில் பார்க்க வேண்டியது

இன்ஜின் கம்ப்யூட்டரின் அளவுகளை ஓடும்போதே (லைவ் டேட்டா) காட்டும் ஒரு ஸ்கேனர், மல்டிமீட்டர், டார்ச், சோப்புத் தண்ணீர். கை வேக்கம் பம்ப் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் மெடிக்கல் ஷாப்பில் 60 மில்லி சிரிஞ்ச் ஒன்றும் அதன் மூக்கில் பொருந்தும் டியூபும் வாங்கிக்கொள்ளுங்கள், ஆக்சுவேட்டரைச் சோதிக்க அதுவே போதும்.

இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, மேனிஃபோல்டு (இன்ஜினுக்குக் காற்று போகும் குழாய்) அழுத்தம் எவ்வளவு என்று ஸ்கேனரில் பாருங்கள். இன்ஜின் ஓடாதபோது அது வெளிக்காற்றின் அழுத்தத்தைத்தான் காட்ட வேண்டும். சென்னையில் கிட்டத்தட்ட 100 கிலோபாஸ்கல், கோவையில் 96, 97. ஊட்டியில் 78 பக்கம் வரும். சென்னையில் நின்றுகொண்டு 85 என்றோ 115 என்றோ காட்டினால் வேறெதையும் தொடாமல் அந்த சென்சாரையும் அதன் ஒயரையும் பாருங்கள். பொய் சொல்லும் சென்சாரை நம்பி கம்ப்யூட்டர் எடுக்கும் முடிவெல்லாம் பொய்யாகத்தான் இருக்கும்.

இதில் ஒரு குழப்பம் அடிக்கடி வரும். "நின்ன எடத்துலயே 1 பார் பூஸ்ட் காட்டுதே!" என்று பதறுவார்கள். ஸ்கேனர் காட்டுவது முழு அழுத்தம், அதில் 1 பார் நம்மைச் சுற்றியுள்ள காற்றுடையது. 2 பார் என்று காட்டினால்தான் பூஸ்ட் 1 பார்.

அடுத்தது ஓட்டிப் பார்ப்பது. ஆளில்லாத ரோடு, மூன்றாவது கியர், 1500 ஆர்பிஎம்மிலிருந்து மிதியை முழுக்க அழுத்தி 3500 வரை. ஸ்கேனரைப் பக்கத்தில் உட்காருபவர் பார்க்கட்டும், ஓட்டுகிறவர் பார்க்கக் கூடாது. கம்ப்யூட்டர் கேட்கும் பூஸ்ட் ஒரு கோடு, கிடைக்கும் பூஸ்ட் இன்னொரு கோடு. கிடைப்பது கீழேயே கிடந்தால் எங்கோ கசிவு, அல்லது கடிவாளம் மூடவில்லை. கேட்டதைத் தாண்டி எகிறினால் கடிவாளம் திறக்கவில்லை. இரண்டும் ஒட்டியே போயும் வண்டி இழுக்கவில்லையென்றால் கோளாறு பூஸ்டில் இல்லை. டீசல் ஃபில்டரையும் கிளட்சையும் பாருங்கள்.

மேட்டில் திடீரென்று படுத்துவிடுகிறது. அணைத்துவிட்டு ஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடுகிறது

விஜிடி டீசலின் மிகப் பிரபலமான நோய் இதுதான். ஸ்கேனரில் பெரும்பாலும் பி0234 என்ற கோளாறுக் குறியீடு, அதாவது பூஸ்ட் எல்லை மீறியது என்று வரும். மேடு ஏறும்போதோ லாரியை ஓவர்டேக் செய்யும்போதோ தகடுகள் திறக்க வேண்டிய நேரத்தில் திறக்காமல் நிற்கின்றன. பூஸ்ட் எகிறுகிறது. கம்ப்யூட்டர் பயந்துபோய் எரிபொருளை வெட்டிவிடுகிறது. இதைத்தான் லிம்ப் மோடு என்கிறோம். சாவியை அணைத்துப் போட்டால் அது பழையதை மறந்துவிட்டு மறுபடி முயற்சி செய்யும்.

லிம்ப் மோடு கம்ப்யூட்டர் காலத்துச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். 1962-இல் வந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர்தான் கடைக்கு வந்த முதல் டர்போ கார்களில் ஒன்று. அதில் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தொட்டியில் ஊற்ற வேண்டும். தொட்டி காலியானால் ஒரு வால்வு மூடிக்கொண்டு பூஸ்டைக் குறைத்துவிடும். ஊற்ற மறந்தவர்களெல்லாம் அப்போதே "வண்டி இழுக்கல" என்று புலம்பியிருக்கிறார்கள்.

சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் ஏறும்போது என் வண்டியே எனக்கு இதைக் காட்டியது. 27 கொண்டை ஊசி வளைவுகளில் பாதிகூடத் தாண்டவில்லை, இரண்டாவது கியரில் மாட்டு வண்டி போல ஊர்ந்தது. ஓரமாக நிறுத்தி அணைத்துப் போட்டேன், சரியானது. மூன்று வளைவு தாண்டியதும் மறுபடி படுத்தது. ஊர் திரும்பி ஒரு ஒர்க் ஷாப்பில் காட்டினால் வழக்கமான தீர்ப்புதான். வீட்டுக்கு வந்து சிரிஞ்சோடு உட்கார்ந்தேன். அதே வரிசையில் நீங்களும் செய்து பார்க்கலாம்.

இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். ஆக்சுவேட்டர் ஓஸைக் கழற்றி, சிரிஞ்சை மாட்டி மெதுவாக இழுங்கள். கம்பி தொடக்கத்திலேயே அசைய ஆரம்பித்து, வழியில் தயங்காமல் கடைசிவரை வர வேண்டும். அப்படியே ஒரு நிமிடம் பிடித்திருங்கள். கம்பி தானாக நழுவினால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது, ஆக்சுவேட்டரை மாற்ற வேண்டும். பிறகு டியூபைப் பட்டென்று பிடுங்குங்கள். கம்பி ஒரே மூச்சில் "டக்" என்று திரும்ப வேண்டும். பாதியில் நின்று யோசித்துவிட்டு மீதியைப் போனால் உள்ளே கரி.

என் வண்டியில் கம்பி டக்கென்று திரும்பியது. ஆகவே டர்போ குற்றவாளி இல்லை. ஓஸை மறுபடி மாட்டி இன்ஜினை ஓடவிட்டேன், கம்பி உள்ளே போனது. அணைத்தேன். இந்த முறை கம்பி சோம்பேறித்தனமாக, நாலைந்து விநாடி எடுத்துக்கொண்டு வெளியே வந்தது. ஓஸ் இல்லாமல் வேகம், ஓஸோடு தாமதம் என்றால் நடுவில் எதுவோ மூச்சை அடைக்கிறது. சோலனாய்டுக்கு மூன்று வாய்: ஒன்று வேக்கம் வருவதற்கு, ஒன்று ஆக்சுவேட்டருக்கு, மூன்றாவது வெளிக்காற்றை உள்ளே விடுவதற்கு. அந்த மூன்றாவது வாயில் பட்டாணி அளவுக்கு ஒரு நுரை ஃபில்டர் இருக்கும். ஊசியால் எடுத்துப் பார்த்தால் செம்மண்ணும் எண்ணெயும் சேர்ந்து களிமண் உருண்டையாகியிருந்தது. கழுவிக் காயவைத்துப் போட்டேன். செலவு ஒன்றுமில்லை.

உங்கள் வண்டியில் உண்மையாகவே கரிதான் என்றால், தினமும் நாலு கிலோமீட்டர் ஆபீஸ் ஓட்டம், ஏசி போட்டு நிறுத்தி உட்காருவது, இரண்டாயிரம் ஆர்பிஎம் தாண்டாத கால், இதெல்லாம் காரணமாக இருக்கும். லேசாக ஒட்டியிருந்தால் கம்பியைக் கையால் பத்துப் பதினைந்து முறை முன்னும் பின்னும் ஆட்டிவிட்டு, பைபாஸில் கொஞ்சம் உயர்ந்த ஆர்பிஎம்மில் ஓட்டினால் இளகும். அழுத்தமாகப் பிடித்திருந்தால் டர்போவை இறக்கி, டர்பைன் கூட்டைத் திறந்து, தகடுகளையும் அவற்றைத் திருப்பும் வளையத்தையும் சுத்தம் செய்ய வேண்டும். திறப்பதற்கு முன் கூடு எந்தக் கோணத்தில் இருந்தது என்று கோடு போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் விடாப்பிடியாகச் சொல்வேன்: கம்பியின் நட்டையோ, தகடுகள் மோதி நிற்கும் ஸ்டாப் ஸ்குருவையோ "கொஞ்சம் டைட் பண்ணிப் பாக்கலாம்" என்று யாரையும் தொட விடாதீர்கள். அது தொழிற்சாலையில் அளந்து வைத்தது. பிறகு எந்தக் கோளாறு யாரால் வந்தது என்றே தெரியாமல் போகும்.

இழுவை குறைவு, கறுப்புப் புகை, மிதித்தால் "உஸ்ஸ்" சத்தம்

கம்ப்ரசருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் எங்கோ காற்று வெளியேறுகிறது. கம்ப்யூட்டர் ஏர் ஃபில்டர் பக்கத்தில் காற்றை எண்ணி, அந்தக் கணக்குக்கு டீசல் ஊற்றுகிறது. எண்ணிய காற்றில் ஒரு பங்கு வழியிலேயே ஓடிவிட்டால் டீசல் முழுதாக எரியாது. அந்தக் கறுப்புப் புகை அதுதான்.

அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போய்வரும் தடித்த ஓஸ்களைத் தேடுங்கள். மேல்பக்கம் பளபளவென்று இருக்கும், கண்ணால் பார்த்து ஏமாறாதீர்கள். உள்ளங்கையைக் கீழ்ப்பக்கமாக விட்டு, ரப்பரை அமுக்கியபடியே தடவிக்கொண்டு வாருங்கள். கிழிசல் இருந்தால் அமுக்கும்போது வாய் திறப்பது விரலுக்குத் தெரியும், கை எண்ணெய்ப் பிசுக்கோடு வரும். கசியும் இடத்தில் எண்ணெய் ஆவி படிந்து, அதன்மேல் தூசி ஒட்டிக் கறுப்புத் திட்டாக இருப்பதும் நல்ல அடையாளம். சந்தேகம் தீராவிட்டால், ஒரு முனையை அடைத்து மறுமுனையில் அரை பார் காற்று ஏற்றிச் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு மேல் ஏற்ற வேண்டாம். பல நேரம் கிளாம்ப் தளர்ந்திருப்பதோடு முடிந்துவிடும்.

ஓஸெல்லாம் சரியாக இருந்தும் கறுப்புப் புகை நிற்கவில்லையென்றால், புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பிவிடும் ஈஜிஆர் வால்வு திறந்தபடியே மாட்டியிருக்கலாம். புகை டர்பைனுக்குப் போகாமல் குறுக்கு வழியில் இன்ஜினுக்கே திரும்பி வரும், புதுக் காற்றின் இடத்தையும் பிடித்துக்கொள்ளும்.

இழுவையே இல்லை, புகையும் இல்லை

பி0299, கேட்ட பூஸ்ட் கிடைக்கவில்லை. காற்று குறைவு என்பது கம்ப்யூட்டருக்கே தெரிந்து டீசலையும் குறைத்துவிடுவதால் புகை வருவதில்லை. வேக்க வகை விஜிடியில் ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு நீங்கள் கம்பியைப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் ஸ்டார்ட் ஆனதும் அது உள்ளே இழுபட வேண்டும். அசையவே இல்லையென்றால் முதலில் பிரேக்கை மிதித்துப் பாருங்கள். பிரேக்கும் கல் போல இருந்தால் வேக்கம் பம்ப்போ முதன்மை லைனோ போயிருக்கிறது. இரண்டுக்கும் வேக்கம் வருவது ஒரே இடத்திலிருந்துதான். பூஸ்டை மறந்துவிட்டு அதை உடனே சரிசெய்யுங்கள், அந்த வண்டியை ரோட்டில் எடுக்காதீர்கள்.

பிரேக் சரியாக இருந்தால் சின்ன ஓஸ்களுக்கு வாருங்கள். சூட்டில் விறைத்துப்போய் முனையில் வெடித்திருக்கும். நீளம் மிச்சமிருந்தால் முனையில் ஒரு சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மாட்டலாம். எலி கடித்திருந்தால் முழு ஓஸையும் மாற்றுங்கள், ஒரு இடத்தில் கடித்த எலி ஒரு இடத்தோடு நிறுத்தியிருக்காது. பானெட்டுக்குள் புகையிலை வைக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். புகையிலைக்குப் பக்கத்திலேயே கடித்த ஓஸையும் பார்த்திருக்கிறேன்.

அடுத்து சோலனாய்டு. பிளக்கைக் கழற்றி அதன் இரண்டு பின்களுக்கு இடையே மல்டிமீட்டரில் ஓம் (மின்தடை) பாருங்கள். பல டீசல்களில் பத்துக்கும் இருபதுக்கும் நடுவில் வரும். முடிவே இல்லாமல் காட்டினால் உள்ளே கம்பிச்சுருள் அறுந்திருக்கிறது. இது மின்சாரக் கோளாறு என்பதால் பி0045, பி0243 போன்ற கோளாறுக் குறியீடுகளும் சேர்ந்தே வந்திருக்கும். சோலனாய்டைத் தாண்டி வேக்கம் லைனை நேராக ஆக்சுவேட்டருக்குக் கொடுத்தும் பார்க்கலாம், ஆனால் ஐடிலில் மட்டும், அரை நிமிடம் மட்டும். அப்படியே ஓட்டினால் கடிவாளம் இல்லாத குதிரைதான்.

கம்பியும் சோலனாய்டும் நன்றாக வேலை செய்தால் புகை போகும் வழியைப் பாருங்கள். டர்போவுக்கு முன்னால் மேனிஃபோல்டு கேஸ்கெட் போயிருந்தால் "டிக் டிக்" சத்தமும் கரிக்கோடும் இருக்கும். பின்னால் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரோ, கரியைப் பிடிக்கும் ஃபில்டரான டிபிஎஃப்போ அடைத்திருந்தால் டர்பைன் சுற்ற வழியில்லை. ஏர் ஃபில்டரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஃபில்டரையே மறந்துவிட்டு மூன்று நாள் தேடிய ஆள் நான்.

பெட்ரோல் டர்போ: கிலுகிலுப்பை, புறாச் சிறகு, பின்னாலிருந்து பிடித்து இழுப்பது

லேசாக மிதித்துப் போகும்போது கீழேயிருந்து தகரக் கிலுகிலுப்பை போலச் சத்தம் வந்து, அழுத்தி மிதித்தால் நின்றுவிட்டால், வேஸ்ட்கேட் கதவின் கீல் தேய்ந்திருக்கிறது. புகைத் துடிப்பில் கதவு நடுங்குகிறது. சில வண்டிகளுக்கு ஆடாமல் பிடிக்கும் கிளிப் தனியாகக் கிடைக்கிறது. கதவு சரியாக மூடாத அளவுக்குத் தேய்ந்தால் பி0299-உம் வரும், அப்போது டர்போ வேலை தவிர்க்க முடியாது.

மிதியை விட்டவுடன் புறா சிறகடிப்பது போலப் படபடத்தால், மிதியை விட்டதும் மிச்ச அழுத்தத்தைத் திருப்பிவிடும் டைவர்ட்டர் வால்வைப் பாருங்கள். கிழிந்த டயாஃப்ரம் பூஸ்ட் நேரத்திலும் காற்றைக் கசியவிடும்.

முழு மிதியில் நன்றாகப் பாய்ந்துவிட்டு, யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்தது போல வெட்டினால் அது பூஸ்ட் எகிறி கம்ப்யூட்டர் தடுப்பது. அழுத்த வகையில் ஆக்சுவேட்டர் ஓஸ் கழன்றிருக்கும், அல்லது சர்வீஸில் சோலனாய்டு ஓஸ்களை இடம் மாற்றி மாட்டியிருப்பார்கள். சரிசெய்யும்வரை அழுத்தி மிதிக்காதீர்கள், பூஸ்ட் மிஞ்சினால் பெட்ரோல் கலவை தாறுமாறாக வெடிக்கும், பெட்ரோல் இன்ஜினில் பிஸ்டனை உடைப்பது இந்த நாக்கிங்தான்.

மோட்டார் வகையில் ஓஸ் பிரச்சினை கிடையாது. பி2563 வந்தால் கம்பியின் இடத்தைச் சொல்லும் சென்சாரோ உள்ளிருக்கும் பற்சக்கரமோ. புதியது மாட்டினால் அதன் இரு எல்லைகளையும் ஸ்கேனர் மூலம் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். அதைச் செய்யாமல் வண்டியைக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

விசில், நீலப் புகை

இது கடிவாளத்தின் வேலை இல்லை, இங்கே டர்போவையே சந்தேகிக்கலாம். கம்ப்ரசர் பக்கக் குழாயைக் கழற்றித் தண்டைப் பிடித்து ஆட்டுங்கள். பக்கவாட்டில் மயிரிழை ஆட்டம் இருப்பது சகஜம், அது எண்ணெய்ப் படலத்தில் மிதக்கும் தண்டு. முன்னும் பின்னும் ஆடக்கூடாது, இறக்கை கூட்டில் உரசிய கீறலும் இருக்கக்கூடாது. குழாயில் லேசான எண்ணெய் ஈரம் பிரீதர் (இன்ஜின் உள்ளாவியை வெளியே விடும் குழாய்) வழியாக வருவது, பயப்பட வேண்டாம். எண்ணெய் தேங்கியிருந்தால் டீசல் வண்டியை ஸ்டார்ட்டே செய்யாதீர்கள். தன் எண்ணெயையே குடித்துத் தறிகெட்டு ஓட ஆரம்பித்தால் சாவியை அணைத்தாலும் நிற்காது. மேனுவல் கியர் என்றால் உயர்ந்த கியரில் போட்டு, பிரேக்கை முழுக்க மிதித்து, கிளட்சை விட்டு அமர்த்த வேண்டும்.

ஊட்டியில் மட்டும் மந்தம்

மேலே காற்றே மெலிசு. அதே அழுத்தம் தர டர்போ இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். அது அளவுக்கு மீறிச் சுற்றாமலிருக்க கம்ப்யூட்டர் தான் கேட்கும் பூஸ்டையே குறைத்துக்கொள்ளும். ஸ்கேனரில் கேட்டதும் கிடைத்ததும் ஒட்டியே இருந்தால் ஒன்றையும் கழற்ற வேண்டாம். குன்னூர், பர்லியாறு இறங்கி மேட்டுப்பாளையம் வரும்போது பழைய இழுவை தானாக வந்துவிடும்.